மெயின்ஃப்ரேம் லினக்ஸில் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு அமைப்பது: முதல்முறை செய்பவருக்கு

சாதாரண சர்வரில் லினக்ஸ் பழகிய கையோடு மெயின்ஃப்ரேம் லினக்ஸுக்கு வருகிறீர்கள். "இன்னொரு நெட்வொர்க் கார்டு சேர்த்துக்கொடு" என்று ஒரு வேலை வந்து விழுகிறது. ஐந்து நிமிட வேலை என்றுதான் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன், நன்றாகத் திண்டாடினேன். கட்டளைகள் கடினமில்லை. கார்டு இரண்டு இடங்களில் வாழ்கிறது என்பதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை, அதுதான் சிக்கல்.

இங்கே நான் பேசுவது இஸட்/விஎம் மேல் கெஸ்ட்டாக, அதாவது மெயின்ஃப்ரேமில் மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் மென்பொருளின் மேல் அப்படி ஒரு மெய்நிகர் எந்திரமாக, ஓடும் லினக்ஸைப் பற்றி. கார்டை உருவாக்கிக் கொடுப்பது இஸட்/விஎம்மின் சிபி, அதாவது அதன் மையமான கட்டுப்பாட்டு நிரல். அதை எடுத்துப் பயன்படுத்துவது லினக்ஸ். இரண்டு பக்கத்திலும் "இப்போதைக்கு" என்று ஓர் அமைப்பு உண்டு, "நிரந்தரமாக" என்று ஓர் அமைப்பு உண்டு. ஆக நான்கு இடங்கள். நான்கையும் முடித்தால்தான் வேலை முடிந்தது. மூன்றை முடித்தாலும் அன்றைக்கு எல்லாம் ஓடும். விட்டுப்போன நான்காவது என்றைக்கோ ஒருநாள் நள்ளிரவில் கழுத்தைப் பிடிக்கும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தாளை நிரப்புங்கள்

டெர்மினலைத் திறப்பதற்கு முன் கீழ்க்கண்ட விவரங்கள் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு நம்பி இறங்காதீர்கள். மின்னஞ்சலிலோ டிக்கெட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இஸட்/விஎம் நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை:
- உங்கள் கெஸ்ட்டின் பயனர் பெயர். லினக்ஸ் ஹோஸ்ட்நேம் வேறு, இது வேறு. எட்டு எழுத்துக்குள் இருக்கும்.
- இணைய வேண்டிய விஸ்விட்ச்சின் (இஸட்/விஎம்முக்குள் இருக்கும் மெய்நிகர் நெட்வொர்க் ஸ்விட்ச்) பெயர். இந்தக் கட்டுரையில் விஎஸ்டபிள்யூ1 என்று வைத்துக்கொள்வோம்.
- அந்த விஸ்விட்ச் ஈதர்நெட் வகையா, ஐபி வகையா? அதாவது லேயர் 2-ஆ, லேயர் 3-ஆ?
- விலேன் (ஒரே நெட்வொர்க்கை எண் போட்டுப் பிரிக்கும் முறை) உண்டா? உண்டென்றால் உங்கள் போர்ட் ஆக்ஸஸா (ஒரே விலேன்), டிரங்க்கா (பல விலேன்)? எண் என்ன?
- காலியாக இருக்கும் மூன்று சாதன எண்கள்.
- கார்டுக்கு நிலையான மேக் முகவரி தருவார்களா?

நெட்வொர்க் குழுவிடம்: ஐபி முகவரி, சப்நெட், கேட்வே, டிஎன்எஸ், எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு).

பாதுகாப்புக் குழுவிடம் ஒரே கேள்வி: விஸ்விட்ச் அனுமதியை ராக்எஃப் (மெயின்ஃப்ரேமின் பாதுகாப்பு மென்பொருள்) கட்டுப்படுத்துகிறதா? ஆம் என்றால் சிபியில் கொடுக்கும் அனுமதி மட்டும் போதாது. ராக்எஃப்பின் விஎம்லேன் வகுப்பில் அந்த விஸ்விட்ச்சுக்கு உங்கள் கெஸ்ட்டுக்கு அப்டேட் உரிமை இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், நிர்வாகி "நான் அனுமதி கொடுத்துவிட்டேனே" என்பார், உங்களுக்கோ "அனுமதி இல்லை" என்றே வந்துகொண்டிருக்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

சாதன எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் உருவாக்கப்போகும் கார்டு க்யூடிஐஓ வகை. அப்படி ஒரு கார்டுக்கு மூன்று எண்கள் வேண்டும்: படிக்க ஒன்று, எழுத ஒன்று, தரவுக்கு ஒன்று. 600, 601, 602 என்று அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் இரட்டைப்படையாக இருக்கட்டும். இவை பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்கள். 609-க்கு அடுத்தது 60ஏ, 610 அல்ல. லினக்ஸ் பக்கம் இந்த எழுத்துகள் சிறிய எழுத்தில்தான் தெரியும்.

2. செலவும் நேரமும்

மெய்நிகர் கார்டுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. விஸ்விட்ச் இஸட்/விஎம்முடனேயே வருவது. பணம் ஆகிற இடம் அதன் அடியில் இருக்கும் நிஜ ஓஎஸ்ஏ அடாப்டர், அதாவது மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் கார்டு. ஒரு விஸ்விட்ச்சுக்கு மூன்று நிஜச் சாதனங்கள் வரை கொடுக்கலாம், ஒன்று போனால் அடுத்தது எடுத்துக்கொள்ளும். அது உங்கள் தலைவலி அல்ல, நிர்வாகியுடையது. ஆனால் மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் பக்கச் செலவு நினைவகம். இந்தக் கார்டுகளை ஓட்டும் லினக்ஸ் டிரைவரான க்யூஎத், ஒவ்வொரு கார்டுக்கும் உள்வரும் பஃபர்களை ஒதுக்குகிறது. ஒரு பஃபர் 64 கேபி. 64 பஃபர் என்றால் 4 எம்பி, 128 என்றால் 8 எம்பி. ஒரு கெஸ்ட்டில் இது ஒன்றுமேயில்லை. நூறு கெஸ்ட்டுகளில் ஆளுக்கு இரண்டு மூன்று கார்டு என்று போகும்போது கணக்குப் பார்க்க வேண்டிய தொகைதான்.

நேரம்? கட்டளைகள் எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதியெல்லாம் காத்திருப்பு. டைரக்டரி (லினக்ஸ் கோப்புறை அல்ல, ஒவ்வொரு கெஸ்ட்டின் அமைப்பையும் எழுதி வைத்திருக்கும் இஸட்/விஎம் பதிவேடு) மாற்றமும் ராக்எஃப் உரிமையும் வேறு வேறு ஆட்கள் கையில் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். அவற்றை ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அப்புறம் கெஸ்ட்டை ஒருமுறை முழுசாக லாக்ஆஃப் செய்து திரும்ப ஏற்ற ஒரு பராமரிப்பு நேரமும் கேட்டு வாங்குங்கள். "ரீபூட் தேவையில்லை, ஓடும்போதே சேர்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனாலும் அந்த நேரம் வேண்டும். காரணம் ஏழாம் படியில் வருகிறது.

3. கன்சோல் வழியை உறுதி செய்யுங்கள்

நெட்வொர்க்கைத் தொடப்போகிறோம். எஸ்எஸ்ஹெச் அறுந்துபோனால் உள்ளே போக மாற்று வழி வேண்டும். இங்கே அந்த மாற்று வழி 3270 டெர்மினல், அதாவது கெஸ்ட்டின் கன்சோலாக இருக்கும் மெயின்ஃப்ரேம் திரை. பழக்கமில்லாதவர் இதில் செய்யும் சின்னத் தவறு மொத்த கெஸ்ட்டையும் நிறுத்திவிடும், அதனால் இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

3270 திரையின் வலது கீழ் மூலையில் ஒரு நிலைச் சொல் இருக்கும். "ரன்னிங்" என்றால் லினக்ஸ் ஓடுகிறது. "மோர்" அல்லது "ஹோல்டிங்" என்றால் திரை நிரம்பிவிட்டது; க்ளியர் விசையை அழுத்தினால்தான் அடுத்தது வரும். "சிபி ரீட்" என்றால் சிபி உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. துண்டித்த கெஸ்ட்டில் மறுபடி லாக்ஆன் செய்யும்போது பெரும்பாலும் இந்த நிலையில்தான் வந்து நிற்பீர்கள். "செட் ரன் ஆன்" போட்டு வைக்காத கெஸ்ட்டாக இருந்தால், சிபி ரீட்டில் நிற்கும் வரை லினக்ஸ் உறைந்து கிடக்கும். உடனே "பிகின்" என்று அடித்து என்டர் தட்டுங்கள். கெஸ்ட்டின் ப்ரொஃபைலில் "செட் ரன் ஆன்" இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்து வெளியே வரும்போது "#சிபி டிஸ்க்" என்று அடியுங்கள். பழக்கதோஷத்தில் "#சிபி லாக்ஆஃப்" அடித்தால் லினக்ஸின் மின்சாரத்தையே பிடுங்கியதற்குச் சமம்.

இன்னொன்று, இந்தக் கன்சோல் வரிவரியாகத்தான் வேலை செய்யும். விஐ போன்ற முழுத்திரை எடிட்டர் இங்கே ஓடாது. கோப்பைத் திருத்த வேண்டி வந்தால் லினக்ஸின் செட் (வரிகளைத் திருத்தும் கருவி; சிபியின் "செட்" கட்டளை அல்ல), எக்கோ இரண்டும்தான் துணை. மாற்றப்போகும் கோப்புகளின் நகலை எஸ்எஸ்ஹெச் நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். திரும்ப வைக்க ஒரு சிபி போதும். (இது லினக்ஸின் நகலெடுக்கும் கட்டளை, இஸட்/விஎம்மின் சிபி அல்ல.)

4. சிபி பக்கம்: கார்டை உருவாக்கி இணைப்பது

லினக்ஸுக்குள் ரூட்டாக இருந்துகொண்டே சிபியிடம் பேச விஎம்சிபி என்ற கருவி இருக்கிறது. இப்போது என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்:

விஎம்சிபி க்யூ வி நிக்

600 முதல் 602 வரை காலி என்று உறுதியானதும், நிர்வாகியிடம் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். அவர் அடிக்க வேண்டியது:

செட் விஸ்விட்ச் விஎஸ்டபிள்யூ1 கிராண்ட் லினக்ஸ்01

லினக்ஸ்01 என்ற இடத்தில் உங்கள் கெஸ்ட்டின் பெயர். விலேன் எண்ணும் போர்ட் வகையும் உண்டென்றால் அவையும் இதே கட்டளையில் சேரும். இது சாதாரணப் பயனரால் முடியாது, அவருக்குத்தான் அந்த உரிமை. பிறகு நீங்கள்:

விஎம்சிபி டிஃபைன் நிக் 600 டைப் க்யூடிஐஓ
விஎம்சிபி கப்பிள் 600 டு சிஸ்டம் விஎஸ்டபிள்யூ1

முதல் கட்டளை கார்டை உருவாக்குகிறது, இரண்டாவது அதை விஸ்விட்ச்சில் செருகுகிறது. சரிபார்க்க:

விஎம்சிபி க்யூ வி நிக் 600 டீடெய்ல்ஸ்

இந்த வெளியீட்டை அப்படியே நகலெடுத்து வையுங்கள். மேக் முகவரி, எந்த விஸ்விட்ச், விலேன் எல்லாம் இதில் இருக்கும். பிறகு ஏதாவது பிரச்சினை என்று போனால் நிர்வாகி முதலில் கேட்பது இதைத்தான்.

5. லினக்ஸ் பக்கம்: கார்டை எழுப்புவது

சிபி உருவாக்கிய சாதனங்கள் ஓடும் லினக்ஸில் தாமே தோன்றும். தோன்றவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது சிஐஓ_இக்னோர். மெயின்ஃப்ரேமில் ஆயிரக்கணக்கான சாதனங்கள் தெரியக்கூடும் என்பதால், சில டிஸ்ட்ரோக்கள் நிறுவும்போதே தேவையில்லாத எல்லாவற்றையும் கெர்னல் பார்க்காதபடி தடுத்து வைத்துவிடும். கெர்னல் கட்டளை வரியில் சிஐஓ_இக்னோர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தடையை நீக்குங்கள்:

சிஐஓ_இக்னோர் -ஆர் 0.0.0600-0.0.0602

பிறகு கார்டை எழுப்பலாம். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் இரண்டையும் கலந்துகட்டிச் சொல்கின்றன. இஸட்நெட்கான்ஃப் என்பது சுலபமானது, ஆனால் அது செய்வது ரீபூட் வரைக்கும்தான் நிற்கும். சிஹெச்இஸட்டெவ் என்பது இப்போதைக்கும் நிரந்தரத்துக்கும் சேர்த்தே செய்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்:

சிஹெச்இஸட்டெவ் -இ க்யூஎத் 0.0.0600:0.0.0601:0.0.0602 லேயர்2=1

விஸ்விட்ச் ஈதர்நெட் வகை என்றால் லேயர்2=1, ஐபி வகை என்றால் லேயர்2=0. இது இரண்டு பக்கமும் பொருந்தியே ஆக வேண்டும். புதிய கெர்னல்கள் விஸ்விட்ச்சைப் பார்த்துத் தாமே சரியானதை எடுத்துக்கொள்ளும். பழைய கெர்னலில் அந்தச் சலுகை கிடையாது; பொருந்தாவிட்டால் தொடர்பு கிடைக்காது. கார்டு ஆன்லைனில் வந்தபின் லேயரை மாற்ற முடியாது, ஆஃப்லைனுக்குக் கொண்டுபோய்த்தான் மாற்ற வேண்டும்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால் லேயர் 2 என்றே கேளுங்கள். லேயர் 3-இல் ஏஆர்பி வேலையை அடாப்டர் பக்கமே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸ் ஈதர்நெட் ஃப்ரேமையே முழுசாகப் பார்ப்பதில்லை. அதனால் டிஹெச்சிபி தகராறு செய்யும், பாண்டிங், பிரிட்ஜ் போன்றவை நடக்காது. சாதாரண சர்வரில் பழகிய யாருக்கும் லேயர் 2 தான் வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

எல்எஸ்க்யூஎத் என்று அடித்துப் பாருங்கள். கார்டின் பெயர், ஆன்லைன் 1, லேயர்2 எவ்வளவு என்று எல்லாம் வரும். இடைமுகத்தின் பெயர் டிஸ்ட்ரோவைப் பொறுத்தது: புதிய ரெட் ஹேட்டிலும் உபுண்டுவிலும் இஎன்சி600, பழைய ரெட் ஹேட் 7-இல் சாதன எண் முழுசாக வரும் நீளமான பெயர், சூசியில் எத்0 எத்1 வரிசை.

6. ஐபி கொடுப்பது

இங்கிருந்து உங்களுக்குத் தெரிந்த லினக்ஸ்தான். ரெட் ஹேட்டில்:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஆட் டைப் ஈதர்நெட் கான்-நேம் இஎன்சி600 ஐஎஃப்நேம் இஎன்சி600 ஐபிவி4.மெத்தட் மேனுவல் ஐபிவி4.அட்ரஸஸ் 192.0.2.25/24

உபுண்டுவில் நெட்பிளான் கோப்பு. அதில் "நெட்பிளான் அப்ளை" வேண்டாம், "நெட்பிளான் ட்ரை" போடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே தானாகத் திரும்பிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. "ஐபி அட்ரஸ் ஆட்" என்று நேரடியாகக் கொடுப்பது சோதனைக்கு மட்டும், ரீபூட்டில் போய்விடும்.

மூன்று பொறிகளைக் கவனியுங்கள்.

இரண்டாவது கார்டுக்கு இன்னொரு டிஃபால்ட் கேட்வே கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதில் பாக்கெட்டுகள் வேறு வழியாக வெளியேறி, எதிர்முனையில் ஃபயர்வால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். பழைய கார்டின் இணைப்பும் சேர்ந்து ஆட்டம் காணும். தேவையான வலைகளுக்கு மட்டும் தனி ரூட் எழுதுங்கள்.

விலேன் விஷயத்தில், போர்ட் ஆக்ஸஸ் என்றால் லினக்ஸில் விலேன் இடைமுகம் உருவாக்கவே கூடாது. டேக் போடுவதும் எடுப்பதும் விஸ்விட்ச்சின் வேலை. டிரங்க் என்றால் மட்டும் இஎன்சி600-இன் மேல் விலேன் இடைமுகம் கட்டி அதற்கு ஐபி கொடுங்கள். இதை மாற்றிச் செய்தால் லிங்க் எழுந்து நிற்கும், பிங் மட்டும் போகாது.

எம்டியுவை 1500-லேயே விட்டு முதலில் ஓட வையுங்கள். ஜம்போ ஃப்ரேமுக்கு ஓஎஸ்ஏ வழியில் 8992 என்று வைப்பார்கள். ஆனால் வழியில் உள்ள எல்லா ஸ்விட்ச்சும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச்சும் திறக்கிறது, பெரிய கோப்பு அனுப்பினால் மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியுவைப் பாருங்கள். துண்டாக்கத் தடையுடன் 1472 பைட் பிங் அனுப்பினால் 1500 முழுசாகப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

7. நிரந்தரமாக்குவது, பிறகு உண்மையான சோதனை

பலரும் ஏமாறும் இடம் இதுதான். டிஃபைன் நிக் மூலம் செய்த கார்டு, லினக்ஸை ரீபூட் செய்தாலும் அப்படியே இருக்கும். ஏனென்றால் ரீபூட்டில் லினக்ஸ்தான் மறுபடி ஏற்றப்படுகிறது, மெய்நிகர் எந்திரம் கலைக்கப்படுவதில்லை. "ரீபூட் செய்து பார்த்தேன், கார்டு வந்துவிட்டது, நிரந்தரம்தான்" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். மாதங்கள் கழித்து கெஸ்ட் லாக்ஆஃப் ஆகும்போதோ, இஸட்/விஎம்மையே மறுபடி ஏற்றும்போதோ கார்டு காணாமல் போகும். அன்றைக்குப் பணியில் இருப்பவருக்கு இந்தக் கார்டின் கதை தெரிந்திருக்காது.

எனவே டைரக்டரியில் உங்கள் கெஸ்ட்டின் பகுதியில் இந்த வரி சேர வேண்டும்:

நிக்டெஃப் 0600 டைப் க்யூடிஐஓ லேன் சிஸ்டம் விஎஸ்டபிள்யூ1 மேக்ஐடி 000101

மேக்ஐடி என்பது முகவரியின் கடைசி ஆறு இலக்கம். எல்லாக் கெஸ்ட்டுக்கும் வேறுபட்ட எண்ணாக நிர்வாகி ஒதுக்கித் தரவேண்டும். இதைக் கொடுக்காவிட்டால் சிபி தானே ஒன்றை ஒதுக்கும், அடுத்த லாக்ஆனில் அது மாறலாம். மேக் முகவரியை வைத்து எழுதிய நெட்வொர்க் கோப்போ டிஹெச்சிபி ஒதுக்கீடோ இருந்தால் அன்றோடு சரி. குளோன் செய்த கெஸ்ட்டில் இன்னும் கவனம் வேண்டும்: மூலக் கெஸ்ட்டின் மேக் முகவரி எந்தக் கோப்பிலாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று தேடி நீக்குங்கள்.

அதேபோல "செட் விஸ்விட்ச் கிராண்ட்" அனுமதியும் இஸட்/விஎம் மறுபடி ஏறும்வரைதான். சிஸ்டம் கான்ஃபிக் கோப்பிலும் அதற்குரிய வரி சேர்ந்ததா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். புதிய இஸட்/விஎம் பதிப்புகளில் விலேன், போர்ட் வகை ஆகியவற்றை நிக்டெஃப் வரியிலேயே கொடுத்து, அனுமதியையும் அதிலேயே முடித்துவிடும் வசதி உண்டு. அவர்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பராமரிப்பு நேரத்தில் லினக்ஸை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, கெஸ்ட்டை லாக்ஆஃப் செய்து, நிர்வாகியை எக்ஸ்ஆட்டோலாக் மூலம் ஏற்றச் சொல்லுங்கள். டைரக்டரி வரி படிக்கப்படுவது லாக்ஆனின்போது மட்டும்தான். யாரும் கையால் எதையும் தொடாமல் கார்டு தோன்றி, விஸ்விட்ச்சில் இணைந்து, ஐபியோடு எழுந்து, கேட்வேக்குப் பிங் போனால் டிக்கெட்டை மூடலாம்.

8. ஓடவில்லை என்றால் எங்கே பார்ப்பது

கீழிருந்து மேலே போங்கள். க்யூ வி நிக்கில் கார்டே இல்லை என்றால் டைரக்டரி. கார்டு இருக்கிறது, விஸ்விட்ச் பெயர் இல்லை என்றால் கப்பிள் நடக்கவில்லை, அதாவது அனுமதி அல்லது ராக்எஃப். இரண்டும் சரி, லினக்ஸில் தெரியவில்லை என்றால் சிஐஓ_இக்னோர். எல்எஸ்க்யூஎத்தில் ஆன்லைன் 1, ஆனால் பக்கத்துக் கெஸ்ட்டுக்குக்கூடப் பிங் போகவில்லை என்றால் லேயரையும் விலேனையும் ஒப்பிடுங்கள். ஒரே விஸ்விட்ச்சில் உள்ள கெஸ்ட்டுகள் பேசிக்கொள்கின்றன, வெளியே மட்டும் போகவில்லை என்றால் அது உங்கள் பக்கமே இல்லை. விஸ்விட்ச்சுக்கு அடியில் உள்ள ஓஎஸ்ஏ, அல்லது அதன் மறுமுனையில் உள்ள நிஜ ஸ்விட்ச். "க்யூ விஸ்விட்ச் டீடெய்ல்ஸ்" வெளியீட்டை நிர்வாகியிடம் கேட்டு வாங்கி, அதோடு நெட்வொர்க் குழுவிடம் போங்கள். கையில் அது இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

9. கார்டை எடுக்க வேண்டி வந்தால்

போன வழியே திரும்பி வர வேண்டும். முதலில் லினக்ஸில் அந்த இணைப்பை நீக்கி, "சிஹெச்இஸட்டெவ் -டி க்யூஎத் 0.0.0600" என்று கார்டை அணையுங்கள். அதன் பிறகே சிபியில் "டிடாச் நிக் 600". கடைசியாக டைரக்டரி வரியையும் அனுமதியையும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த ஐபியையும் மேக்ஐடியையும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் காலி என்று குறிக்கச் சொல்லி அதே டிக்கெட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.